மேல்முறையீடும் தள்ளுபடியான அகதி வழக்கை இலவசமாக எடுப்பது: எதில் தொடங்குவது?

ஓவர்போர்ட் வக்கீல் (கேள்வி):

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்களுடையது சின்ன அட்டர்னி அலுவலகம். வீட்டுப் பத்திரம், உயில், கொஞ்சம் கடன் வசூல், அவ்வளவுதான். இந்த ஆண்டு புரோ போனோ, அதாவது இலவச வேலையாக ஓர் அகதி வழக்கை எடுக்கத் தீர்மானித்திருக்கிறோம். கட்சிக்காரர் கிழக்குக் காங்கோ [ஊரும் சமூகமும் நீக்கியிருக்கிறேன்]. டர்பன் அகதிகள் வரவேற்பு அலுவலகத்தில் தஞ்சம் கேட்டவர். முடிவெடுக்கும் அதிகாரி 'ஆதாரமற்றது' என்று நிராகரித்தார். மேல்முறையீட்டு ஆணையமும் தள்ளிவிட்டது. கடிதம் கைக்கு வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. தஞ்ச விண்ணப்பம் முடியும் வரை இங்கே தங்க அனுமதிக்கும் செக்‌ஷன் 22 பெர்மிட்டை இனி நீட்ட முடியாது என்று கவுன்டரில் சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

அடுத்தது ஹைகோர்ட் ரிவ்யூதான், அதாவது அந்த முடிவுகள் சட்டப்படி எடுக்கப்பட்டனவா என்று கோர்ட் பார்ப்பதுதான், என்பது தெரிகிறது. எந்த வரிசையில் போவது, எந்தத் தாள்கள் வேண்டும், இந்த வழக்குகள் வழக்கமாக எங்கே சறுக்குகின்றன? இதில் ஊறியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

கடல்காற்று:

ஊர்ப்பெயரை நீக்கியது நல்லது. அகதிச் சட்டம் 21(5) விண்ணப்ப விவரங்களை இரகசியம் என்கிறது. அதோடு டர்பனில் காங்கோக்காரர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். கோர்ட் தாளிலும் முதலெழுத்து மட்டும் போட்டு, பெயர் வெளியிடத் தடை கேட்டு ஒரு பத்தி சேருங்கள்.

முதல் வேலை நாள் கணக்கு. நிர்வாக நீதிச் சட்டம், அதாவது நாம் எல்லோரும் பாஜா என்று சொல்லும் 2000ஆம் ஆண்டின் 3ஆம் எண் சட்டம், 7(1)ஆம் பிரிவில் நியாயமற்ற தாமதமில்லாமல், எப்படியும் 180 நாளுக்குள் வரவேண்டும் என்கிறது. 180 என்பது வெளி எல்லை. 170ஆம் நாள் தாக்கல் செய்துவிட்டு 'உள்ளேதானே இருக்கிறோம்' என்று சொன்னாலும், இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இவை காலண்டர் நாட்கள். டிசம்பரில் அலுவலகம் மூடட்டும், தைப்பூசக் காவடி கழியட்டும் என்று உட்கார்ந்தால் நாற்பது நாள் போன இடம் தெரியாது.

எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் சிக்கல். ஆணையத்தின் கடிதத்தில் அச்சான தேதி ஒன்று, அதைக் கட்சிக்காரர் கையில் கொடுத்த தேதி வேறொன்று. பெர்மிட் நீட்டிக்கப் போன நாளில்தான் பல பேருக்குக் கடிதத்தைக் கொடுக்கிறார்கள், இடைவெளி மாதக்கணக்கில் இருக்கலாம். சட்டத்தின் வாசகம் 'உள் பரிகாரம் (துறைக்குள்ளேயே செய்யும் மேல்முறையீடு) முடிந்த நாள்' என்பதால், எதிர்த்தரப்பு அச்சுத் தேதியைப் பிடித்துக்கொள்ளும். கட்சிக்காரர் கையெழுத்திட்ட பெறுகைத் துண்டு, அந்த நாளில் பெர்மிட்டில் விழுந்த முத்திரை, இரண்டையும் ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று 9ஆம் பிரிவின்படி கால நீட்டிப்பையும் நோட்டீஸ் ஆஃப் மோஷனிலேயே, அதாவது வழக்கைத் தொடங்கும் மனுவிலேயே, கேட்டுவிடுங்கள். பின்னால் தனியாகக் கேட்கப் போனால் இன்னொரு அஃபிடவிட், இன்னொரு வாதம்.

இரண்டாவது, பெர்மிட். கவுன்டரில் சொன்னது தவறு. சைதி வழக்கில் அரசியல் சாசன நீதிமன்றம் 2018 ஏப்ரலில் தெளிவாகச் சொல்லிவிட்டது: நீதிமன்ற ரிவ்யூ முடியும் வரை பெர்மிட்டை நீட்டித்தே ஆகவேண்டும், அதிகாரி தன் இஷ்டத்துக்கு மறுக்க முடியாது. ஆனால் ரிவ்யூ போடப் போகிறோம் என்று வாய்ச்சொல்லாகச் சொன்னால் அங்கே எடுபடாது. வழக்கு எண் விழுந்த நோட்டீஸ் ஆஃப் மோஷனின் நகல், சைதி தீர்ப்பின் நகல், குறிப்பிட்ட தேதிக்குள் நீட்டிக்கக் கோரும் கடிதம் மூன்றையும் சேர்த்து அலுவலகத்துக்கும் அரசுத் தரப்பு வக்கீலான ஸ்டேட் அட்டர்னிக்கும் அனுப்புங்கள். பெரும்பாலும் இதிலேயே வேலை முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் வழக்கை ஏ, பி என்று இரண்டு பாகமாக அமையுங்கள். ஏ பாகம் அவசரமானது: நாடு கடத்தத் தடை, பெர்மிட் நீட்டிப்பு. பி பாகம் ரிவ்யூ. அவசரத்துக்கு ஹைகோர்ட் விதி 6(12) கேட்பது இரண்டு: ஏன் அவசரம், வழக்கமான முறையில் காத்திருந்தால் ஏன் போதிய பரிகாரம் கிடைக்காது. 'நாடு கடத்தப்படலாம்' என்று பொதுவாக எழுதினால் பட்டியலிலிருந்து தள்ளிவிடுவார்கள். பெர்மிட் காலாவதியாகும் தேதி, கவுன்டரில் மறுத்த தேதி, வேலையிடத்தில் செல்லுபடியாகும் பெர்மிட்டைக் கேட்டு வந்த மெசேஜ், இப்படிப் பிடித்துப் பார்க்கக்கூடியவற்றை எழுதுங்கள்.

எதிர்மனுதாரர்கள்: உள்துறை அமைச்சர், டைரக்டர் ஜெனரல், மேல்முறையீட்டு ஆணையம், முதல் முடிவெடுத்த அதிகாரி. அந்த அதிகாரியை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். ஆணையத்தின் முடிவு மட்டும் ரத்தானால் முதல் நிராகரிப்பு அப்படியே நிற்கும், ஆகவே இரண்டையும் தாக்குங்கள்.

விதி 53இன் கீழ், முடிவெடுத்த துறையின் கோப்பைக் கேட்கிறீர்கள். 15 நாளில் தரவேண்டும். வரவில்லை என்றால் நினைவூட்டல் கடிதங்களில் மாதங்களைக் கரைக்காமல் விதிப்படி நடக்கவில்லை என்று விதி 30ஏ-இன் கீழ் நோட்டீஸ் கொடுங்கள். கோப்பு வந்ததும் நோட்டீஸைத் திருத்தவும் அஃபிடவிட்டுக்குத் துணை சேர்க்கவும் உங்களுக்கு 10 நாள். வழக்கின் உண்மையான பலம் பெரும்பாலும் இந்தத் துணை அஃபிடவிட்டில்தான் இருக்கும், ஏனென்றால் நேர்காணலில் அதிகாரி கையால் எழுதிய குறிப்புகள் அப்போதுதான் வெளியே வரும்.

இனி நிராகரிப்புக் கடிதத்தை வரிவரியாகப் படியுங்கள். அநேகம் கடிதங்கள் வெட்டி ஒட்டியவை. பெண் கட்சிக்காரரின் கடிதத்தில் திடீரென்று 'அவன்' என்று வரும். புருண்டிக்காரரின் கடிதத்தில் எத்தியோப்பியா பற்றிய பத்தி இருக்கும். நாட்டு நிலவரம் என்று பழைய அறிக்கை ஒன்றைத் தேதி இல்லாமல் ஒட்டியிருப்பார்கள். இதையெல்லாம் தட்டச்சுப் பிழை என்று விட்டுவிடாதீர்கள். முடிவெடுத்தவர் இந்த மனிதரின் கதையைப் பார்க்கவே இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. பக்கமும் பத்தியும் குறித்து ஓர் அட்டவணை போடுங்கள்.

அடுத்து, எந்தச் சோதனையை வைத்து முடிவெடுத்தார்கள் என்று பாருங்கள். 'நிகழ்தகவுச் சமநிலையில் நிரூபிக்கவில்லை' என்று இருந்தால் அது சிவில் வழக்கின் அளவுகோல். தஞ்சத்துக்குத் துன்புறுத்தப்படும் நியாயமான சாத்தியம் இருந்தால் போதும் என்று டான்டூஷ் வழக்கிலேயே சொல்லிவிட்டார்கள்.

கிழக்குக் காங்கோ வழக்குகளில் மிகப் பெரிய ஓட்டை அகதிச் சட்டத்தின் 3(b) பிரிவு. 3(a) என்பது இனம், மதம், அரசியல் கருத்து போன்ற காரணங்களால் தனிப்பட்ட துன்புறுத்தல். 3(b) என்பது நாட்டின் ஒரு பகுதியிலோ முழுவதிலுமோ பொது ஒழுங்கைக் கடுமையாகக் குலைக்கும் நிகழ்வுகளால் வீட்டைவிட்டு ஓடவேண்டி வருவது. 1969ஆம் ஆண்டு ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் உடன்படிக்கையிலிருந்து எடுத்தது. 3(b)க்குத் தன்னைத் தனியாகக் குறிவைத்தார்கள் என்று காட்டத் தேவையில்லை. அதிகாரியோ 'உங்களை யாரும் தனியாகத் தேடவில்லையே' என்று 3(a)வின் கேள்வியைக் கேட்டு நிராகரித்துவிட்டு, 3(b)யைப் பற்றி ஒரு வரியும் எழுதியிருக்க மாட்டார். பல நேரங்களில் இந்த ஒன்றே ரிவ்யூவுக்குப் போதும்.

---

துபாஷி:

சட்டத்தைக் கடல்காற்று சொல்லிவிட்டார். நான் மொழிபெயர்ப்புப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன், வழக்கு உடைவது பாதி இங்கேதான்.

விண்ணப்பப் படிவத்தை, அதாவது 1590 எண் படிவத்தை, முதல் நாள் வரிசையில் நின்றவர் ஒருவர் நிரப்பிக் கொடுத்திருப்பார், பெரும்பாலும் கால் மணி நேரத்தில். ஏன் ஓடி வந்தீர்கள் என்பதற்கு விட்டிருக்கும் இடத்தில் 'போர்' என்று ஒரு சொல். பிறகு நேர்காணலில் விரிவாகச் சொன்னால், 'படிவத்தில் இது இல்லை, புதிதாகச் சேர்க்கிறார்' என்று நம்பகத்தன்மையைக் குறைத்துவிடுகிறார்கள். அதனால் அஃபிடவிட்டில் முதலில் எழுதவேண்டியது படிவத்தை யார் நிரப்பினார், எந்த மொழியில், திருப்பிப் படித்துக் காட்டினார்களா என்பது.

நீங்கள் வாக்குமூலம் எடுக்கும்போது மொழிபெயர்ப்பாளரைத் தேர்வதில் கவனம் வேண்டும். சுவாஹிலி தெரியும் என்றால் மட்டும் போதாது, கிழக்குக் காங்கோவின் கிவு பகுதிப் பேச்சு வழக்கும் தான்சானியாவின் வழக்கும் ஒன்றல்ல. அதைவிட முக்கியம், மொழிபெயர்ப்பவர் எந்தப் பக்கத்து ஆள் என்பது. எதிரெதிராக நின்ற இரண்டு சமூகங்களில் ஒன்றைச் சேர்ந்தவரை உட்காரவைத்தால் கட்சிக்காரர் வாயே திறக்க மாட்டார், ஏன் என்றும் சொல்ல மாட்டார். மொழிபெயர்ப்பாளரின் பெயரையும் ஊரையும் முந்தின நாளே கட்சிக்காரரிடம் தனியாகச் சொல்லிச் சம்மதம் கேளுங்கள். சொந்தக்காரர்களையும், சபைப் போதகரையும் தவிர்க்கலாம். பாலியல் வன்முறை உள்ள கதையை அவர்கள் முன்னால் யாரும் சொல்வதில்லை.

இரண்டு மணி நேரமாக இரண்டு அமர்வு வையுங்கள், ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். முதல் அமர்வில் தேதி கேட்கவே வேண்டாம். மழைக்காலமா, அறுவடைக்கு முன்பா, எந்தக் குழந்தை பிறந்திருந்தது என்று வரிசையை மட்டும் பிடியுங்கள். தேதியை இரண்டாவது அமர்வில் பொருத்துங்கள். எத்தியோப்பியக் கட்சிக்காரர் வந்தால் அவர்கள் காலண்டர் நம்முடையதைவிட ஏழெட்டு வருடம் பின்னால் ஓடுகிறது, புத்தாண்டு செப்டம்பரில் வருகிறது. இதை மாற்றாமல் எழுதியதாலேயே 'தேதிகளில் முரண்பாடு' என்று எழுதப்பட்ட நிராகரிப்புகள் உண்டு.

அஃபிடவிட்டுடன் மொழிபெயர்ப்பாளரின் சிறு அஃபிடவிட்டும் வேண்டும்: இரண்டு மொழியும் அறிவேன், முழுவதையும் படித்துக் காட்டினேன், புரிந்ததாகச் சொன்னார். இது இல்லாமல் ஆங்கிலம் தெரியாதவரின் கையெழுத்து மட்டும் இருந்தால் எதிர்த்தரப்புக்குக் கொண்டாட்டம். சத்தியப் பிரமாணம் உங்கள் அலுவலகத்திலேயே எடுக்கக் கூடாது, வழக்கில் அக்கறை உள்ளவர் எடுப்பது செல்லாது. எல்லோரும் போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்புவார்கள். பெர்மிட் காலாவதியானவரை மட்டும் அங்கே அனுப்பிவிடாதீர்கள், பிரமாணம் எடுக்கப் போனவர் லாக்கப்புக்குள் போய்விடக்கூடும். பக்கத்து வக்கீல் அலுவலகத்தில் பேசி வையுங்கள்.

---

பீனிக்ஸ்வாசி:

கடல்காற்று சொன்னதோடு பெரும்பாலும் உடன்பாடு. பரிகாரத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பாஜா 8(1)(c)யின்படி கோர்ட்டே நேரடியாக அகதி அந்தஸ்து வழங்கவேண்டும் என்று எல்லா வழக்கிலும் கேட்கிறார்கள். அது விதிவிலக்கான சூழலுக்கு உரியது. 2015இன் டிரென்கான் தீர்ப்பு அளவுகோல் தருகிறது: முடிவெடுக்க கோர்ட்டுக்கு அதிகாரியைப் போலவே எல்லாத் தகவலும் இருக்கிறதா, முடிவு ஏற்கெனவே தெரிந்த ஒன்றா என்று முதலில் பார்ப்பார்கள், பிறகு தாமதம், பாரபட்சம். நேர்காணல் குறிப்பே கோப்பில் இல்லாத வழக்கில் அதை வலியுறுத்தினால், கேட்டதும் கிடைக்காது, நீதிபதிக்கும் சலிப்பு வரும். மாற்றுக் கோரிக்கையை நன்றாக எழுதுங்கள்: வேறு அதிகாரி முன் புதிய நேர்காணல், இத்தனை நாளுக்குள், தகுதியான மொழிபெயர்ப்பாளருடன், வக்கீல் உடனிருக்க அனுமதியுடன். காலக்கெடு இல்லாமல் திருப்பி அனுப்பும் உத்தரவை வாங்கினால் கட்சிக்காரர் மீண்டும் வரிசையில்தான் நிற்பார்.

இன்னொன்று, கையில் இருக்கும் பெர்மிட் அசல்தானா என்று தாக்கல் செய்வதற்கு முன்பே கேளுங்கள். அலுவலக வாசலில் நிற்கும் ஏஜென்ட்டிடம் பணம் கொடுத்து நீட்டித்தது என்றால், அதை அஃபிடவிட்டில் இணைத்தபின் கண்டுபிடிப்பதைவிட மோசமானது இல்லை. 2020 ஜனவரியில் அமலுக்கு வந்த திருத்தங்களுக்குப் பிறகு போலி அடையாளத் தாள்கள் அகதித் தகுதியையே பறிக்கக்கூடியவை. கேட்கும்போது திட்டுகிற குரலில் கேட்காதீர்கள், உண்மை வராது.

அசல் தாள் எதையும் வாங்கி வைக்காதீர்கள். தெருவில் சோதனை நடந்தால் அவருக்கு அதுதான் காப்பு. இரண்டு பக்கமும் கலரில் ஸ்கேன், அவ்வளவு போதும். தொலைபேசி எண்ணும் அடிக்கடி மாறும், மூன்று எண் வாங்குங்கள்.

கட்சிக்காரரோடு செய்துகொள்ளும் என்கேஜ்மென்ட் கடிதத்தில் வேலையின் எல்லையை எழுதுங்கள்: இந்த ரிவ்யூ மட்டும். இல்லையென்றால் பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை, வங்கிக் கணக்கு முடக்கம், வீட்டுக்காரர் தகராறு எல்லாம் உங்கள் மேசைக்கு வரும். அவற்றுக்கு டர்பனிலேயே ஆள் இருக்கிறார்கள், மனித உரிமை வக்கீல்கள் அமைப்புக்கும் லீகல் ரிசோர்சஸ் சென்டருக்கும் இங்கே கிளை உண்டு. வேறு நாட்டில் குடியமர்த்துவதைப் பற்றி எந்த நம்பிக்கையும் தராதீர்கள், அது வக்கீல் கையில் இல்லை.

---

ஓவர்போர்ட் வக்கீல்:

மிக்க நன்றி. பெறுகைத் துண்டு கிடைத்தது, அதில் தேதி தெளிவாக இருக்கிறது. இன்னும் இரண்டு சந்தேகம். தோற்றால் செலவுத் தொகை யார் தலையில் என்று என் பார்ட்னர் கேட்கிறார். அடுத்தது, கட்சிக்காரரின் உறவினர் ஒருவரைப் பிடித்து வைத்திருக்கிறார்களாம். அந்த உறவினர் தஞ்சமே கேட்கவில்லை, வந்து பல மாதம் ஆகிறது. அவருக்கு ஏதாவது வழி உண்டா?

---

கடல்காற்று:

செலவு: அரசுக்கு எதிராக அரசியல் சாசன உரிமையை நிலைநாட்ட நல்லெண்ணத்தோடு வழக்காடித் தோற்பவர் மீது செலவு சுமத்துவதில்லை என்பது 2009இன் பயோவாட்ச் தீர்ப்பிலிருந்து பொது விதி. அற்பமான, தொல்லை கொடுக்கும் வழக்குக்கு அந்தக் காப்பு இல்லை. ஜெயித்தால் லீகல் பிராக்டிஸ் சட்டம் 92ஆம் பிரிவின்படி, இலவசமாக நடத்திய வக்கீலுக்கே அந்தச் செலவுத் தொகை சேரும். அதனால் இலவசமாயிற்றே என்று நேரக் குறிப்பு எழுதாமல் விட்டுவிடாதீர்கள், பில் போட அதுதான் ஆதாரம். கோர்ட்டில் வாதாடும் அட்வகேட்டும் இலவசமாக வருகிறார் என்றால் அதையும் முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். கோர்ட் தாள்களைச் சேர்ப்பிக்கும் ஷெரிஃபின் கட்டணம், நகல் செலவு இரண்டும் கைக்காசு. யார் தருவது என்று கட்சிக்காரரிடம் முதல் நாளே பேசிவிட வேண்டும்.

---

மாரிட்ஸ்பர்க்:

பிடித்து வைத்திருப்பவர் விஷயத்தில் ரிவ்யூ போலப் பொறுமையாக இருக்க முடியாது. இன்றே எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடியுங்கள். காவல் நிலைய லாக்கப்பிலிருந்து க்ரூகர்ஸ்டார்ப் அருகே உள்ள லிண்டேலா தடுப்பு முகாமுக்கு மாற்றிவிட்டால் உங்கள் ஊர்க் கோர்ட் எல்லை கடந்துவிடும், ஆளைப் பார்ப்பதும் சிரமம்.

குடிவரவுச் சட்டம் 34ஆம் பிரிவின் கீழ்ப் பிடித்திருந்தால், 2017 ஜூனில் அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னபடி 48 மணி நேரத்துக்குள் அவரை நேரில் நீதிபதி முன் நிறுத்தவேண்டும். காகிதத்தில் வாரண்ட் நீட்டிப்பது போதாது. முதல் தவணை 30 நாள், கோர்ட் அனுமதித்தால் மேலும் 90, அதற்குமேல் இல்லை. பிடித்த நேரம், நோட்டீஸ் எந்த மொழியில் கொடுத்தார்கள், கோர்ட்டுக்குக் கொண்டு போனார்களா என்ற மூன்றையும் முதல் அழைப்பிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

தஞ்சம் கேட்காமல் பல மாதம் இருந்தார் என்பது முழுத் தடை அல்ல. 2018 டிசம்பரின் ரூட்டா தீர்ப்பு, தாமதம் ஒருவரைத் தஞ்சம் கேட்பதிலிருந்து விலக்காது என்கிறது. ஆனால் ரூட்டாவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போனால் மாட்டிக்கொள்வீர்கள். 2020 திருத்தம் 21(1B) என்ற பிரிவைச் சேர்த்தது: தஞ்சம் கேட்க வருபவருக்கு எல்லையில் தரும் டிரான்சிட் விசா இல்லாதவர், ஏன் அப்படி ஆயிற்று என்று தகுந்த காரணம் காட்டும் தனி நேர்காணலுக்குப் போகவேண்டும் என்றது. 2023இன் அஷெபோ தீர்ப்பைப் படிக்காமல் அஃபிடவிட் எழுதாதீர்கள். 21(1B) மீதே பிறகு வழக்குகள் போயிருப்பதால், தாக்கல் செய்யும் வாரத்தில் புதிய தீர்ப்பு ஏதும் வந்திருக்கிறதா என்றும் தேடிவிடுங்கள்.

செய்யவேண்டியது: அவர் தஞ்சம் கேட்க விரும்புகிறார் என்று இன்றைய தேதியிட்டு எழுதி, அவர் கையெழுத்துடன் காவல் நிலையப் பொறுப்பதிகாரி, குடிவரவு அதிகாரி, ஸ்டேட் அட்டர்னி மூவருக்கும் அனுப்புங்கள், பெற்றதற்கு அத்தாட்சியும் வாங்குங்கள். தாமதத்துக்கான காரணத்தையும் அதே நாளில் பதிவு செய்துவிடுங்கள். அலுவலகத்துக்குப் போய் வரிசையில் திருப்பி அனுப்பப்பட்டாரா, எந்த நாட்களில், உடன் யார் இருந்தார்? அந்தச் சாட்சியின் அஃபிடவிட் உள்ளே இருப்பவருடையதைவிட எளிதாகக் கிடைக்கும். பிறகு அவசர மனு: நாடு கடத்தத் தடை, நேர்காணலுக்கு அழைத்துச் செல்ல உத்தரவு, விடுவிப்பு.

48 மணி நேர விதியை மீறியிருந்தால் நஷ்ட ஈட்டு வழக்கும் உண்டு. அதற்கு அரசுத் துறைக்கு ஆறு மாதத்துக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்கவேண்டும், 2002ஆம் ஆண்டின் 40ஆம் எண் சட்டம். ஆள் வெளியே வந்த சந்தோஷத்தில் பலர் தவறவிடுவது இதைத்தான். விடுவிக்கும் உத்தரவு கைக்கு வந்த அன்றே டயரியில் குறித்துவிடுங்கள்.